வெற்றுச் சொக்கெட்டும் குளத்து வர்க்கமூலமும்: கணிதத் துணைச்செயலி எமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் மாலை வகுப்பொன்றில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். வகுப்பு மேசையின் ஓரத்தில் மூடி கழற்றிய ஒரு பழைய எக்ஸ்டி வகைக் கணினி (1980களின் ஐபிஎம் மாதிரி) இருக்கிறது. அதன் பிரதான செயலியான 8088 சிப்புக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் சொக்கெட்டைப் பார்த்துப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளையும், அவர்களின் அண்ணன்மார் தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து, என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் இருக்கவேண்டிய சிப்பின் வேலையை மென்பொருளால் போலச் செய்து காட்டுவதைத்தான் எமுலேஷன் என்கிறோம்.

சேர், அந்த 40 கால் சொக்கெட் எதற்கு?

இன்டெல் 8087 என்ற கணிதத் துணைச்செயலிக்கு, அதாவது பிரதான செயலிக்காகத் தசமக் கணக்கைச் செய்துகொடுக்கும் தனிச் சிப்புக்கு. 8087 வந்தது 1980இல். அடுத்த வருடம் ஐபிஎம் தன் முதல் பீசியை வெளியிட்டபோது பிரதான செயலிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் விட்டிருந்தது. விரும்பியவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தி, பலகையில் உள்ள ஒரு சின்ன சுவிட்சையும் மாற்றவேண்டும். விலை அதிகமானபடியால் பெரும்பாலான பலகைகளில் அந்த இடம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

துணை என்ற சொல்லைக் கேட்டுச் சின்னதென்று நினைக்க வேண்டாம். 8088இன் உடன்பிறப்பான 8086 செயலியில் சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள். 8087இல் சுமார் 45,000.

அது இல்லாவிட்டால் கணினி தசமக் கணக்குச் செய்யாதா?

செய்யும், ஆனால் சுற்றுவழியால். 8088க்குத் தெரிந்தது முழு எண் மட்டும். 16 பிட் எண்களைக் கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். 3.14 என்ற எண்ணை அது நேரே அறியாது. அதனால் எண்ணை இரண்டு துண்டாக வைக்கிறோம்: இலக்கங்கள் ஒரு பக்கம், புள்ளி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் அடுக்கு இன்னொரு பக்கம். பௌதிகவியல் பாடத்தில் 6.02 பெருக்கல் 10இன் அடுக்கு 23 என்று எழுதுகிறோமே, அதேதான். இங்கே அடி 10 இல்லை, 2.

8087 இந்த வடிவத்தைத் தன் தாய்மொழி போல அறியும். உள்ளே அது 80 பிட் எண்களை வைத்திருக்கிறது: குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 15, இலக்கங்களுக்கு 64. அப்படியான எட்டு ரெஜிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள்ளேயே எண்ணை வைக்கும் இடங்கள், தட்டு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக.

எமுலேட்டருக்கும் சாதாரணக் கணித நூலகத்துக்கும் என்ன வேறுபாடு?

நூலகம் என்றால், உங்கள் நிரல் 'இந்த இரண்டையும் பெருக்கு' என்று ஒரு செயல்கூற்றை நேரே கூப்பிடுகிறது. அந்தச் செயல்கூறு தனக்கு வசதியான எந்த வடிவத்திலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

எமுலேட்டர் அப்படி இல்லை. நிரல் 8087 இருக்கிறது என்று நினைத்து, 8087இன் கட்டளைகளாலேயே எழுதப்பட்டிருக்கிறது. எமுலேட்டர் அந்தக் கட்டளையை வாசித்து, எட்டு ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தில் பொய்யாக வைத்துக்கொண்டு, சிப் செய்திருக்கக்கூடியதைத் தானே செய்து காட்டுகிறது. சிப் உள்ள கணினிக்கும் இல்லாத கணினிக்கும் ஒரே நிரல், ஒரே டிஸ்க். பணம் உள்ளவருக்கு ஒரு பதிப்பு, இல்லாதவருக்கு வேறு பதிப்பு என்று பிரிக்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் பிடித்த விசயம்.

சொக்கெட் வெறுமையாக இருப்பதை நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

நினைவகத்தில் ஓர் இடத்தில் தெரிந்த எண் ஒன்றை எழுதிவைக்கும். பிறகு துணைச்செயலியைப் பார்த்து, 'உன் நிலையை அந்த இடத்தில் எழுது' என்று சொல்லும். எண் மாறியிருந்தால் ஆள் இருக்கிறார். மாறாவிட்டால் வீட்டில் ஒருவரும் இல்லை. இதில் கவனிக்கவேண்டியது, 'அவர் முடிக்கும் வரை காத்திரு' என்ற கட்டளையை இந்தச் சோதனைக்குள் வைக்கவே கூடாது. இல்லாத ஆளுக்காகக் கணினி காத்துக்கொண்டே நின்றுவிடும்.

எக்ஸ்டியில் எமுலேட்டர் எப்படிக் குறுக்கே வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் ஆசை.

8087இன் கட்டளைகள் எல்லாம் 216 முதல் 223 வரையான எட்டு எண்களில் ஒன்றால் தொடங்கும். 8088 அதைக் கண்டால் தேவையான முகவரியைக் கணித்துக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பக்கத்தில் உள்ளவர் பார்ப்பார் என்று தன் வழியே போகும். பக்கத்தில் எவரும் இல்லாவிட்டால் முறைப்பாடு எதுவும் இல்லை. கணக்கு நடக்காது, நிரல் ஓடும், விடை குப்பையாக வரும். எமுலேட்டர் நுழைவதற்கு 8088 ஒரு கதவும் வைக்கவில்லை.

அதனால் மைக்ரோசொப்ட், போர்லண்ட் போன்ற கம்பைலர்க்காரர்கள் (நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் செய்பவர்கள்) தாங்களே கதவு ஒன்றை வைத்தார்கள். பொதுவாக ஒரு 8087 கட்டளைக்கு முன்னால் 'காத்திரு' என்ற கட்டளை நிற்கும். அதன் எண் 155. ஆகவே 155, 216 என்று இரண்டு பைட்டுகள். நிரலை இணைக்கும்போது இந்த இரண்டையும் 205, 52 என்று மாற்றிவிடுவார்கள். 205 என்றால் இன்டரப்ட், அதாவது செய்கிற வேலையை நிறுத்திவிட்டு 52ஆம் இலக்க வேலையாளைக் கூப்பிடு என்று பொருள். 216க்கு 52, 217க்கு 53, இப்படியே 223க்கு 59 வரை. அந்த வேலையாள்தான் எமுலேட்டர்.

இப்போது சொக்கெட்டில் உண்மையான 8087 இருக்கிறது என்று வையுங்கள். வேலையாள் முதல் தடவை கூப்பிடப்பட்டதும் திரும்பிப்போய், தன்னைக் கூப்பிட்ட அந்த இரண்டு பைட்டுகளையும் அழித்து மீண்டும் 155, 216 என்று எழுதிவிட்டு, அதே இடத்திலிருந்து ஓடச் சொல்கிறான். அடுத்த சுற்றில் அவனைக் கூப்பிட ஒருவரும் இல்லை. சிப் நேரே வேலை செய்யும். ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிற நிரல்! இரண்டு பைட்டுக்குப் பதில் சரியாக இரண்டு பைட். ஒன்று கூடியிருந்தாலும் எல்லாம் குழம்பியிருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது வகுப்பில் ஒருவராவது எழும்பி நின்று மறுபடி சொல்லச் சொல்வார்.

286, 386இலும் இப்படித்தானா?

இல்லை, 8088க்குப் பிறகு வந்த அந்தச் செயலிகளில் இன்டெல்லே கதவு வைத்துவிட்டது. 1982இல் வந்த 286இலிருந்து செயலிக்குள் 'எமுலேட் செய்' என்று ஒரு பிட் இருக்கிறது. அதை 1 ஆக்கினால், துணைச்செயலிக் கட்டளை எதைக் கண்டாலும் செயலி தானாகவே 7ஆம் இலக்க இன்டரப்டுக்குப் போகும். நிரலின் பைட்டுகளைத் தொடவேண்டியதில்லை.

எவ்வளவு மெதுவு என்று எண்ணாகச் சொல்ல முடியுமா?

முடியும். 5 மெகாஹேர்ட்ஸில் 8087 எடுக்கும் நேரத்தையும், அதே வேலையை 8086 எமுலேட்டரால் செய்யும் நேரத்தையும் இன்டெல் தன் கையேட்டிலேயே போட்டிருந்தது. ஒற்றைத் துல்லியப் (32 பிட் எண்) பெருக்கலுக்கு 19 மைக்ரோசெக்கன், எமுலேட்டரில் 1,600. கூட்டலுக்கு 17, எமுலேட்டரில் அதே 1,600. வகுத்தலுக்கு 39, எமுலேட்டரில் 3,200. வர்க்கமூலம்தான் ஆளை விழுத்துகிறது: சிப்பில் 36, எமுலேட்டரில் 19,600.

அந்த 19,600ஐ நான் கையால் அனுபவித்தேன். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் தான் பாவித்துக் கழித்த எக்ஸ்டி ஒன்றை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். அப்போது எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டரை வரை ஜெனரேட்டர் போடுவோம். மாமா அக்கராயன் குளத்துக்குக் கீழே வயல் செய்துகொண்டிருந்தார். கணினியைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, துருசை அரை அடி திறந்தா இந்தத் தண்ணி சிறுபோகத்துக்குக் காணுமோ?"

துருசால், அதாவது மதகால், வெளியேறும் நீர் குளத்து நீரின் உயரத்தில் தங்கியிருக்கிறது, ஆனால் நேராக அல்ல, உயரத்தின் வர்க்கமூலத்தில். உயரம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகும். குளம் இறங்க இறங்க ஓட்டமும் குறையும், ஓட்டம் குறையக் குறைய குளம் இறங்குவதும் மெதுவாகும். நான் 120 நாளையும் நிமிடம் நிமிடமாகக் கணிக்க ஒரு நிரல் எழுதினேன். மொத்தம் 1,72,800 படிகள். ஒரு படிக்கு ஒரு வர்க்கமூலம், ஆறு பெருக்கல், மூன்று கூட்டல்.

இன்டெல்லின் எண்களை வைத்துப் பாருங்கள். எமுலேட்டரில் ஒரு படிக்கு 19,600ஓடு ஒன்பது தடவை 1,600 சேர்ந்து 34,000 மைக்ரோசெக்கன். மொத்தம் 5,875 செக்கன், அதாவது ஒரு மணித்தியாலம் 38 நிமிடம். 8087 இருந்தால் ஒரு படிக்கு 201 மைக்ரோசெக்கன், மொத்தம் 35 செக்கனுக்குள். என்னுடைய எக்ஸ்டி 4.77 மெகாஹேர்ட்ஸ், இன்னும் கொஞ்சம் மெதுவு. முதல் நாள் ஏழு மணிக்குத் தொடங்கினேன். எட்டரைக்கு மண்ணெண்ணெய் முடிந்து, எல்லாம் இருண்டது. அடுத்த நாள் ஜெனரேட்டர் போட்ட கையோடு ஓடவிட்டு, முடியும்வரை ஒருவரையும் விளக்கடியில் வேறு வேலைக்கு விடவில்லை. விடை வந்தது. மாமா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் கணினியும் கொப்பியும் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. இப்போது வகுப்பில் இருப்பது பிறகு வவுனியாவில் பழைய இரும்புக் கடையொன்றில் எடுத்தது.

ஒரு பெருக்கலுக்கு ஏன் 1,600 மைக்ரோசெக்கன்?

இலக்கங்கள் 64 பிட். 8086 ஒரு தடவையில் பெருக்குவது 16 பிட். ஆகவே எண்ணை நாலு துண்டாக வெட்டி, நாலை நாலால் பெருக்குகிற மாதிரி 16 சிறு பெருக்கல்கள் செய்து, ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் தள்ளிக் கூட்டவேண்டும். நாலாம் வகுப்பில் செய்த நெடும்பெருக்கல்தான். 8086இல் ஒரு 16 பிட் பெருக்கலுக்கு 120 கடிகாரத் துடிப்புக்கு மேல் போகும். 16 தடவைக்கு ஏறத்தாழ 2,000 துடிப்பு. 5 மெகாஹேர்ட்ஸில் 400 மைக்ரோசெக்கன்.

மிச்சம் எங்கே போகிறது? ரெஜிஸ்டர்களை ஒதுக்கிவைப்பது, வந்த கட்டளை என்னவென்று பிரித்து வாசிப்பது, எண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று முகவரி கணிப்பது, ஒற்றைத் துல்லிய எண்ணை 80 பிட்டாக விரிப்பது, அடுக்குகளைக் கூட்டுவது, விடையை இடப்பக்கம் நெருக்குவது, கடைசிப் பிட்டை மட்டந்தட்டுவது, பூச்சியமா முடிவிலியா என்று பார்ப்பது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஒரே 1,600 என்று இருப்பதற்குக் காரணமும் இதுதான். கணக்கைவிடக் கணக்கைச் சுற்றியுள்ள வேலை அதிகம்.

விடை இரண்டிலும் ஒன்றாக வருமா?

நல்ல எமுலேட்டர் என்றால், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஐந்திலும் கடைசிப் பிட் வரை ஒன்றாக வரவேண்டும். 8087ஐ வடிவமைத்தபோது இன்டெல்லுக்கு ஆலோசனை சொன்ன கணிதப் பேராசிரியர் வில்லியம் கஹான், அதே கொள்கைகளைக் கணினியின் தசமக் கணக்குக்கான ஐஇஇஇ 754 என்ற நியமத்திலும் கொண்டுவந்தார். அது 1985இல் ஏற்கப்பட்டது. அவருக்கு 1989இல் கணினித் துறையின் பெரிய விருதான டியூரிங் விருது கிடைத்தது. முடிவிலி வரை துல்லியமாகக் கணித்துவிட்டுப் பிறகு ஒரு தடவை மட்டந்தட்டியது போல விடை இருக்கவேண்டும் என்று அந்த நியமம் சொல்கிறது. விடை அப்படிக் கட்டிவைக்கப்பட்டிருப்பதால், அது சிப்பில் வந்ததா, மென்பொருளில் வந்ததா என்பது பொருட்டில்லை. மாமாவின் கொப்பிக்குப் போன எண், கொழும்பில் 8087 போட்ட கணினியில் அதே நிரல் தந்திருக்கக்கூடிய எண்தான்.

சைன், டான், மடக்கை போன்றவற்றுக்கு அந்த நியமம் இந்தக் கட்டாயத்தைப் போடவில்லை. 8087 டானை கோர்டிக் என்ற முறையால், சிறு கோணங்களின் அட்டவணையை வைத்துப் படிப்படியாகச் சுழற்றிக் கண்டது. எமுலேட்டர் வேறு முறையில் கண்டால் கடைசி இலக்கம் ஆடலாம். அப்புறம், அவசரமாக எழுதப்பட்ட சில எமுலேட்டர்கள் மிகமிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கிவிடும்.

டேர்போ பஸ்காலில் 'ரியல்' என்று போட்டால் வேகமாக ஓடுகிறதே?

ஓடும். ஆனால் அது எமுலேட்டர் இல்லை. போர்லண்டின் கம்பைலரான டேர்போ பஸ்காலில் தசம எண்ணுக்கான ரியல் வகை 6 பைட், அதாவது 48 பிட் கொண்ட சொந்த வடிவம். நேரே நூலகத்தைக் கூப்பிடுவதால், எண்ணும் சிறியதால், சிப் இல்லாத கணினியில் அது முந்தும். பதினொரு இலக்கத் துல்லியம் குளத்துக்குத் தாராளமாகக் காணும். ஆனால் 8087 போட்டாலும் அந்த ரியலுக்கு அதிகப் பயனில்லை. சிப் அறிந்த 64 பிட் 'டபிள்' வகைக்கு 1988இல் வந்த 5.0 பதிப்பில் எமுலேட்டர் சேர்ந்தது. வேகம் வேண்டுமென்றால் ரியல். நாளை சிப் வரும், நிரலைத் தொடாமல் விடவேண்டும் என்றால் டபிள். நான் டபிள் எடுத்தது அந்த நம்பிக்கையில். சிப் வரவேயில்லை.

எமுலேட்டரும் வேண்டாம், சிப்பும் இல்லை. வேறு வழி?

முழு எண்ணிலேயே கணக்கை முடிப்பது. மீற்றர் என்று வைத்தால் புள்ளி வரும். சென்ரிமீற்றர் என்று வைத்தால் வராது. நானும் பிறகு அப்படித்தான் செய்தேன். நீர் உயரம் 0 முதல் 900 சென்ரிமீற்றர் என்று எடுத்து, அத்தனைக்கும் வர்க்கமூலத்தை ஒரு தடவை மட்டும் கண்டு, ஆயிரத்தால் பெருக்கி அட்டவணையாக வைத்தேன். பிறகு ஒவ்வொரு படிக்கும் அட்டவணையில் பார்த்தால் சரி. சாதாரண தரப் பிள்ளைகள் மடக்கை அட்டவணையைப் புரட்டுவது போலத்தான். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போன வேலை சில நிமிடத்தில் முடிந்தது.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்தார்கள். 1993இல் வந்த டூம் விளையாட்டு 32 பிட் எண்ணில் பாதியைப் புள்ளிக்கு முன்னும் பாதியைப் பின்னுமாக வைத்து, துணைச்செயலி கேட்காமலே ஓடியது. 1996இல் வந்த குவேக் அந்தச் சலுகையைத் தரவில்லை.

486 எஸ்எக்ஸ் என்பது துணைச்செயலி இல்லாத 486தானே?

ஆம். 1989இல் வந்த 486 டிஎக்ஸ் துணைச்செயலியைத் தனக்குள்ளேயே கொண்டிருந்தது. 1991இல் வந்த எஸ்எக்ஸில் அது இல்லை. தொடக்கத்தில் வந்தவற்றில் அந்தப் பகுதி உள்ளே இருந்தும் முடக்கப்பட்டிருந்தது. அதற்குத் துணையாக விற்ற 487 எஸ்எக்ஸ், உண்மையில் ஒரு முழு 486. பொருத்தியதும் பழைய செயலியை ஒதுக்கிவிட்டு எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். இருந்த ஒன்றை முடக்கி விற்றதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

சிப் பிழை விட்டால் மென்பொருள் காப்பாற்றுமா?

காப்பாற்றியிருக்கிறது. 1994இல் இன்டெல்லின் பென்டியம் செயலியின் வகுத்தலில் பிழை இருப்பதைப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி வெளிப்படுத்தினார். வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. சிப்பை மாற்றும் வரை கம்பைலர்கள் ஒரு தந்திரம் செய்தன. வகுக்கும் எண் ஆபத்தானதா என்று அதன் பிட்டுகளைப் பார்க்கும்; ஆபத்து என்றால் மேலும் கீழும் இரண்டையும் 15/16ஆல் பெருக்கிவிட்டு வகுக்கும். விடை மாறாது, ஓட்டையான இடம் மட்டும் தவிர்க்கப்படும்.

லினக்ஸில் இது இருந்ததா?

இருந்தது. 386இல் பிறந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கு, துணைச்செயலி இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள அதன் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே எமுலேட்டர் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பில் மெட்சென்தன் எழுதியது நெடுங்காலம் அதில் நின்றது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. எமுலேட்டர் எழுத விரும்புகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பழைய டொஸ் கணினியைப் போல நடிக்கும் டொஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை இறக்கி, போர்லண்ட் இலவசமாக விட்ட டேர்போ பஸ்கால் 5.5ஐப் போடுங்கள். டொஸ்பாக்ஸின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள்ஸ் அளவை 300 அளவில் வைத்தால் எக்ஸ்டியின் நடை வரும். நிரலின் தலையில் ஆங்கில 'என்', 'ஈ' எழுத்துகளான இரண்டு குறிகளையும் கூட்டல் அடையாளத்தோடு போடுங்கள். பிறகு டொஸ் வரியில் 'செட்' கட்டளையால் 87 என்ற மாறிக்கு ஆங்கில 'என்' எழுத்தைக் கொடுத்தால், துணைச்செயலி இருந்தாலும் இல்லை என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அதே 'என்' இடத்தில் 'வை' கொடுத்து மறுபடி ஓட்டி, நேரத்தை எழுதி ஒப்பிடுங்கள். ஆயிரம் வர்க்கமூலம் போதும்.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு, சேர்?

போன தவணை இரண்டு பிள்ளைகள் வாய்க்கால் நீர்மட்டம் அளக்க ஆர்டுயினோ யூனோ பலகையில் ஒரு கருவி செய்தார்கள். மேலிருந்து ஒலியை அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும் கருவி. அந்தப் பலகையின் ஏட்மெகா 328 சிப்பிலும் தசமக் கணக்குக்கான பகுதி இல்லை. தசம எண் வகையான 'ஃப்ளோட்' என்று எழுதியதும் கம்பைலர் பேசாமல் ஒரு மென்பொருள் நூலகத்தைச் சேர்த்துவிடுகிறது. 'டபிள்' என்று எழுதினாலும் அங்கே கிடைப்பது 32 பிட்தான். நினைவகம் ஏன் இவ்வளவு நிரம்புகிறது என்று அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். மீற்றரை மில்லிமீற்றராக்கி முழு எண்ணில் எழுதச் சொன்னேன். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணிப்பதற்குத் தேவையான அடுக்குக் கணக்கை அட்டவணையாக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.